ஐந்து தகரங்கள்

தகரங்கள் காய்ந்து கிடந்தது வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்று ஸஹாப்தீனால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கச்சான் காற்று தொடங்கியிருந்தது நினைவிருக்கிறது. பிள்ளை பிறந்து பதினெட்டாம் நாள் என்பதும் நினைவிருக்கிறது. அல்லது பின்னாளில் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அதையே நினைவென்று வைத்துக்கொண்டிருக்கலாம். எத்தனையோ விஷயங்களை அவன் அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறான். ஆனால் அன்று விடியும் நேரத்தில் தன்னை எழுப்பியது அமைதி என்பதில் மட்டும் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

துறைமுகத்தை விட்டு வெள்ளைக்காரர் போனபோது கடற்படை அதிகாரி ஒருவர் விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார் அது. மூன்று கை மாறி அவனிடம் வந்து ஒன்பது வருடம். கிண்ணியாவில் இருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கும் சீனன்குடாவுக்கும் ஹயர் ஓடுவான். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம்; ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் கிடையாது. பெற்றோல் தாங்கியின் வெடிப்பில் உடுப்புச் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பியிருந்தான். ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூள் கொட்டியிருந்தான். அப்படியும் கார் ஒழுகியது. எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பிரேக் ஒயில், தண்ணீர், பெற்றோல் என்று ஐந்து இடத்தில். இரவில் ஐந்து இடத்துக்கும் ஐந்து தகரம் வைப்பான். காலையில் பழைய சாரத் துண்டால் ஒவ்வொன்றையும் வடித்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி ஊற்றுவான். ஒரு சொட்டும் மண்ணுக்குப் போகக் கூடாது.

காரின் கிடுகுக் கொட்டில் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருந்தது. மீன் டின்னில் விழும் சொட்டுக்கு ஒரு ஓசை, பிஸ்கட் டின் மூடியில் விழுவதற்கு வேறு ஓசை. ஒன்பது வருடமாக அந்த ஓசைகளைக் கேட்டபடிதான் அவன் தூங்கினான். எந்த ஒழுக்கு கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான். பிள்ளை பிறந்த நாளில் இருந்து அவை ஒவ்வொன்றாகக் குறைந்து வந்தன. முதலில் தண்ணீர், பிறகு கியர் ஒயில். மகள் அருளும் பரக்கத்துமாய் வந்திருக்கிறாள் என்று நினைத்தான்.

அன்று விடியற்காலையில் ஒரு ஓசையும் இல்லை.

எழுந்து போய்க் குனிந்து பார்த்தான். ஐந்து தகரங்களும் காய்ந்து, அடியில் கச்சான் கொண்டுவந்த மெல்லிய மணலோடு கிடந்தன. எஞ்சின் ஒயில் அளவுக் கம்பியை உருவினான். நிறைந்த அளவுக்கான கோட்டையும் தாண்டி, இரண்டு விரல் உயரத்துக்கு ஒயில் ஏறி நின்றது. ஒரு கிழமையாக அவன் புதிதாக எதையும் ஊற்றவில்லை.

திருகோணமலையில் ஆனந்தராசாவின் கராஜுக்குக் காரை அன்றே கொண்டுபோனான். ஆனந்தராசா அவன் வயதுக்காரர். பல வருடப் பழக்கம்.

"நானா, ஒழுகுது எண்டு அழுதுகொண்டு வாற ஆக்களைத்தான் நான் கண்டனான்" என்றார் அவர். "ஒழுகேல்லை எண்டு அழுதுகொண்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

"பகிடி விடாதீங்க ராசா. ஒயில் ஏறிக் கிடக்கு. நான் ஒரு சொட்டும் ஊத்தல்ல."

"அப்ப கொண்டுபோய்க் கந்தளாய்க் குளக்கட்டில நிப்பாட்டுங்கோ. குளமும் நிரம்பட்டும்."

சிரித்துக்கொண்டே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். விளிம்பு வரை நிறைந்திருந்தது. விரலை விட்டு எடுத்தார். விரல் வெள்ளையாக வந்தது.

"ஓ, ஹெட் காஸ்கட் போயிட்டுது. ஒயிலும் தண்ணியும் கலந்தா இப்பிடித்தான் பால் மாதிரி வெளுக்கும். காஸ்கட்டுக்கு இப்ப எங்க போறது? ஓடுமட்டும் ஓடுங்கோ, பிறகு பாப்பம்."

விரலைத் துணியில் துடைத்தார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

"கடைசியா இதுக்குள்ள என்ன ஊத்தினனீங்கள்?"

"தண்ணிதான்" என்றான் ஸஹாப்தீன்.

அவர் உள்ளே போனபின் அவனும் குனிந்து முகர்ந்தான். ஒயில் நாற்றமும் துரு நாற்றமும் இருந்தன. அவற்றுக்கு அடியில், இளஞ்சூட்டோடு, மெல்லிய இனிப்பாக, பதினெட்டு நாளாக அவன் வீட்டு அறைக்குள் நிறைந்திருந்த வாசனை. மனைவி றம்ஸியாவின் சட்டையின் மார்புப்பக்கம் நனைந்து காயும்போது வரும் வாசனை.

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றாள். தோளில் கிடந்த பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்க, விடியத்தொட்டுப் பால் சுரக்குதில்ல. புள்ள சப்பிச் சப்பிக் கத்துது."

"நீ ஒழுங்காச் சாப்பிடுறல்ல, அதுதான்."

"நேத்து வரைக்கும் சட்டை நனைய நனைய வடிஞ்சதே" என்றாள் றம்ஸியா. சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

பாணுக்கே விடியமுன் வரிசையில் நிற்க வேண்டிய வருடம் அது. பால்மா டின் ஒன்றைச் சங்கக் கடையில் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. இரண்டு நாள் அவன் டவுனெல்லாம் அலைந்தான், கந்தளாய் வரை போனான். போகிற வழியில் ஹயரும் ஏற்றினான். எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்யும் ஒருவர் சீனன்குடாவில் இறங்கிய உடனே, காசு கொடுக்கவும் மறந்து, காவற்காரரின் தண்ணீர்ப் பானையைத் தேடிப் போனார். கடற்கரையில் ஏற்றிய மீன்காரர் டவுனில் பின்பெட்டியைத் திறந்தபோது, அரைமணி நேரத்துக்கு முன் துடித்த பாரை மீன்கள் கண் குழிந்து, தோல் சுருங்கி, நாலு நாள் வெயிலில் போட்ட கருவாடாகக் கிடந்தன. கூடையில் ஒரு துளி ஈரமில்லை. மீன்காரர் கூடையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்.

கச்சான் பொல்லாத காற்று. எதையும் உலர்த்தும். ஸஹாப்தீன் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

மூன்றாம் நாள் பின்னேரம் றுக்கியா வந்தாள். பள்ளிவாசலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள். இடுப்பில் நாலு மாத மகன். கேட்காமலே பிள்ளை ஸல்ஹாவை வாங்கி மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். பிள்ளையின் அழுகை நின்றது. மூன்று நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் அமைதி. றம்ஸியா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இனி என்ட மகன் உங்கட மகளுக்கு மாப்பிள்ளையாக ஏலாது, சொல்லிப்போட்டன்" என்று றுக்கியா சிரித்தாள். "ஒரே பால் குடிச்சாச்சி, இனி நானா தங்கச்சி. சீதனம் தந்தாலும் வேணா."

"நீ தினம் வந்துட்டுப் போ மச்சி. மாப்பிள்ளைய நான் வேற இடத்துல தேடுறன்" என்றாள் றம்ஸியா. அவள் சிரித்ததை அவன் கடைசியாகக் கண்டது அன்றுதான்.

றுக்கியா புறப்படும் நேரம் காற்று மணலை வாரி அடித்தது. கைக்குழந்தையோடு எப்படி நடப்பாள் என்று ஸஹாப்தீன்தான் காரில் ஏற்றினான். ஐந்து நிமிட ஓட்டம். இறங்கியவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். உதட்டை நாக்கால் தடவினாள்.

மறுநாள் அவள் நடந்து வந்தாள். உள்ளே வரவில்லை, வேலியோடு நின்றாள்.

"எனக்கும் நிண்டுட்டு" என்றாள்.

றம்ஸியா அறைக்குள் இருந்தாள். கேட்டவன் அவன் மட்டும்தான்.

"அந்தக் காருல ஏறி இறங்கின நேரந்தொட்டு நாக்கு அண்ணத்துல ஒட்டிக் கிடக்கு நானா. என்ட புள்ளையும் கத்துது." கொட்டில் பக்கம் பார்க்காமலே பேசினாள். "என்னவோ சரியில்ல. லெப்பையிட்டச் சொல்லி ஓதிப் பாருங்க."

ஓதி.

அந்தச் சொல்லைத்தான் அவன் இருபத்திரண்டு நாளாக மனதுக்குள் நுழைய விடாமல் வைத்திருந்தான்.

றம்ஸியாவுக்கு நோவு கண்ட நாள், மதியத்து லுஹர் தொழுகை முடிந்த கையோடு, பள்ளிவாசலில் ஓதுகிற ஆதம்பாவா லெப்பை ஒரு போத்தல் தண்ணீரில் ஓதிக் கொடுத்தார். சுகமாய்ப் பிரசவமாக வழியில் மூன்று மிடறு குடிக்கக் கொடு, மிச்சத்தை வயிற்றில் தடவு என்றார். அங்கே எல்லாப் பெண்களுக்கும் கொடுப்பதுதான். இதற்கு முன் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்த றம்ஸியா அந்தப் போத்தலைத்தான் நம்பியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், துறையடியில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவையை அங்கே பாதை என்பார்கள். பாதை புறப்படுகிற நேரம். தவறவிட்டால் அடுத்ததுக்கு ஒரு மணித்தியாலம். சுற்றிவர எங்கும் தண்ணீர், எல்லாம் உப்பு. கிணறு தூரத்தில். பின் சீட்டில் அவள் முனகினாள். "தண்ணி... அந்தத் தண்ணியத் தாங்க." கார் ஓடினால்தானே ஆஸ்பத்திரி என்று நினைத்தான். அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, கொதிக்கும் வாய்க்குள் போத்தலைக் கவிழ்த்தான். மூன்று மிடறுக்காவது மிச்சம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ரேடியேட்டர் ஒருமுறை களுக்கென்று விழுங்கி அடங்கியது. அவளிடம் போத்தல் உடைந்துபோனது என்றான்.

அவள் குடிக்க வேண்டியதைக் கார் குடித்தது. அன்றிலிருந்து கார் தன்னை அவளாக நினைத்துக்கொண்டதா? அல்லது அவளைத் தன்னுடையதாகவா?

றுக்கியா போனதும் கொட்டிலுக்குள் நுழைந்தான். உச்சி வெயில். கிடுகின் ஓட்டைகள் வழியே வெளிச்சம் காசு காசாகக் காரின் மேல் கிடந்தது. ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. குழாயையே கழற்றி எடுத்தான். வரவில்லை. துவாரத்துக்குள் கம்பியை விட்டான். கம்பி இளஞ்சூடாக, காய்ந்து வெளியே வந்தது. மேலே மூடியைத் திறந்தான். விளிம்பு வரை வெள்ளை. காய்ச்சிய பாலின் ஆடைபோல் அதன் மேல் ஒன்று படர்ந்து, மெல்ல எழுந்து, மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது.

ஆணியும் சுத்தியலும் எடுத்தான். ரேடியேட்டரின் அடியில் வைத்து அறைந்தான். ஓட்டை விழுந்தது. ஒழுகவில்லை. இன்னொன்று. ஒழுகவில்லை. சுத்தியல் வழுக்கி விரல் பிளந்தது. இரத்தம் வந்தது. வந்த இரத்தம் தகட்டில் பட்டது.

தகட்டில் இரத்தம் இல்லை.

விரலைப் பார்த்தான். தகட்டைப் பார்த்தான். காதை அருகே கொண்டுபோனான்.

மிடறு. ஒரு மிடறு. இடைவெளி. இன்னொரு மிடறு.

அறையிலிருந்து றம்ஸியா கூப்பிட்ட குரல் அவனை வெளியே இழுத்தது. பிள்ளை அழவில்லை. அதுதான் அவளை மிரட்டியிருந்தது. கண் பாதி திறந்து கிடந்தது. உச்சிக்குழி ஒரு விரல் ஆழம் பதிந்திருந்தது. காலையிலிருந்து துணி நனையவில்லை. சீனித் தண்ணீர் கொடுத்தால் கடைவாயில் நின்று காய்ந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம். காரை எடுங்க."

"நடந்து துறையடிக்குப் போவம்" என்றான். "அக்கரையில பஸ் வரும்."

"பஸ் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான். இந்தக் காத்துக்குள்ள புள்ள பாதி வழி தாங்குமா? வாசல்ல கார் நிக்கிது. காருக்கு என்ன?"

அப்போது சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அவன் திரும்பத் திரும்ப வந்து நிற்பது அந்த ஒரு நிமிடத்தில்தான். அவள் வாசலில் நின்றாள், பிள்ளை அவள் கையில் துணிபோல் தொங்கியது, அவன் வாயைத் திறந்தான். சொன்னால் அவள் ஏறமாட்டாள். சொன்னால் அவள் அவனை அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"காருக்கு ஒண்டுமில்ல" என்றான்.

அடிக்குழாயைப் பூட்டவில்லை. ஆணி ஓட்டைகளை அடைக்கவில்லை. கார் முதல் ஸ்டார்ட்டிலேயே புறப்பட்டது. ஒன்பது வருடத்தில் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இதமாக அது ஓடியதில்லை. வயிறு நிறைந்த ஒன்றின் மூச்சுப்போல் இருந்தது எஞ்சின் ஓசை. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தபடி ஓட்டினான். அவள் உதடு வெளுத்தது. பிறகு வெடித்தது.

பாதையில் ஏறியது அந்த ஒரு கார் மட்டும்தான். இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். நடு நீருக்கு வந்ததும் கச்சான் முழு வேகத்தில் அடித்தது. பாதை அசையவில்லை. இழுக்கிறவர்கள் கத்தினார்கள், குதிகாலை ஊன்றித் தொங்கினார்கள். கயிறு முறுகியது. அக்கரை அதே தூரத்தில் நின்றது. நாலு பக்கமும் தண்ணீர் பளபளத்தது. ஸஹாப்தீன் இறங்கிப் பின் கதவைத் திறந்தான்.

"இறங்கு. றம்ஸி, இறங்கு. அதுக்குள்ள இரிக்காத."

அவள் பார்த்தாள். கண்ணில் ஈரம் இல்லை. கன்னம் உள்ளே போயிருந்தது. ஒரு மணித்தியாலத்தில் ஒரு மனிதருக்கு அப்படி ஆகாது. மடியில் ஸல்ஹா சின்னதாகியிருந்தாள்.

அவன் பலகையில் முழங்காலில் விழுந்தான். "போத்தல் உடையல்ல புள்ள. நான்தான். நான் அந்தத் தண்ணிய இதுக்கு..."

"தெரியும்" என்றாள் றம்ஸியா.

காற்று அவள் முக்காட்டைப் பறித்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கக் கண்ணாடியால பாத்துக்கிட்டுத்தான் இரிந்தன். நீங்களாச் சொல்லுவீங்க எண்டு இரிந்தன்."

பிறகு இறங்கினாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு காரின் முன்பக்கம் நடந்தாள். எஞ்சின் மூடியைத் தூக்கச் சொன்னாள். அவன் தூக்கினான். ரேடியேட்டரின் வாயை அவளே திறந்தாள். கொதித்திருக்க வேண்டும். ஆவி வரவில்லை. அந்த வாசனை வந்தது. கயிறு இழுத்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணா. றம்ஸி, வேணா."

"என்ட பால்தானே" என்றாள். "என்டதைத்தானே எடுக்கிறன்."

முக்காட்டின் முனையை உள்ளே தோய்த்தாள். வெள்ளையாக, கனத்து வந்தது. பிள்ளையின் வாயில் பிழிந்தாள்.

ஒரு துளி. நின்றது. உள்ளே போனது.

இன்னொரு துளி.

ஸல்ஹாவின் கன்னம் அசைந்தது. துணியைக் கவ்வியது. உறிஞ்சியது. உதடு சிவந்தது, கை விரிந்தது, மூடியது. தாயின் முகத்தை அது பார்க்கவில்லை. கண்ணை முழுதாய்த் திறந்து காரையே பார்த்துக்கொண்டு குடித்தது.

அப்போது காரின் அடியில் கேட்டது. டொக். பாதைப் பலகையில். டொக். இன்னொரு இடத்தில். ஐந்து இடத்திலும்.

காற்று விழுந்தது. பாதை நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்து, பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை என்று அனுப்பினார்கள். றுக்கியாவுக்கு மறு கிழமையே பால் திரும்பியது. அதற்குப் பிறகு அவன் வீட்டு ஒழுங்கைக்குள் அவள் கால் வைத்ததில்லை. ஆனந்தராசா எங்கோ தேடி ஒரு காஸ்கட் கிடைத்ததென்று சொல்லியனுப்பினார். ஸஹாப்தீன் போகவில்லை. அடுத்த கச்சான் தொடங்குமுன் றம்ஸியா மௌத்தானாள். உடலைக் குளிப்பாட்டிய பெண்கள், ஊற்றிய தண்ணீர் கீழே வடியவில்லை என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவனிடம் யாரும் சொல்லவில்லை. கார் அதன் பிறகு ஓடவில்லை. அதே கொட்டிலில், டயர்கள் மணலில் புதைந்து நிற்கிறது.

ஸல்ஹாவுக்கு இப்போது ஆறு வயது. சோறு தின்னமாட்டாள், தண்ணீர் குடிக்கமாட்டாள், அழுதாலும் கண்ணீர் வராது. மாலையில் ஒரு கோப்பையோடு தானாகவே கொட்டிலுக்குப் போய் வருவாள். ஸஹாப்தீன் அவளுக்குக் கயிற்றுக் கட்டில் ஒன்று செய்து போட்டிருக்கிறான். அவள் தூங்கியதும் அதன் கீழே ஐந்து தகரங்களை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், அந்தந்த இடத்தில் தள்ளி வைக்கிறான். பிறகு சுவரோடு சாய்ந்து படுத்து, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். விடிந்ததும் சாரத் துண்டால் வடித்துக் காரில் ஊற்றுகிறான். ஒரு சொட்டும் மண்ணுக்குப் போக விடுவதில்லை.